எண்ணெயில போட்ட பேரு

ஒரு ஊர்ல ஒரு முறுக்குக் கொட்டகை இருந்துச்சாம். தகரக் கூரை, ஜன்னலே கிடையாது. உள்ள போனா புகை, வேர்வை, எண்ணெய் காயுற வாடை. வெளிய உச்சி வெயில் அடிச்சாலும் உள்ள மசமசன்னு இருட்டிக் கிடக்கும். கேக்குறியா மகிழி?

"ம்."

ம் நின்னா சித்தியும் நிறுத்திடுவேன், சொல்லிட்டேன்.

அந்தக் கொட்டகையில ரெண்டு பொம்பளைங்க வேலை செஞ்சாங்க. ஒருத்தி பூவாயி, இன்னொருத்தி பழனாயி. பூவாயி மாவை விரல்ல திரிச்சுத் திரிச்சு முறுக்கு சுத்துவா. பழனாயி அதை வாங்கி எண்ணெயில விடுவா. காலையில உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் இதேதான். யோசிச்சுப் பாரு, அதே மாவு, அதே வட்டம். விரல் எரியும். இடுப்பு விட்டுப்போகும். கொஞ்ச நேரத்துல மூளையும் மரத்துப்போகும். அப்போ அவங்க என்ன பண்ணாங்க?

"என்ன?"

விளையாண்டாங்க.

பூவாயி ஒரு முறுக்கைச் சுத்தி நீட்டுவா. பழனாயி கேப்பா, "இது யாரு?"

"எங்க மாமியா."

சுர்ர்ர்ர்.

"என்ன சொல்றா?"

பழனாயி எண்ணெய்ப் பக்கம் காதைச் சாய்ப்பா. "உப்பு பத்தலையாம்."

அப்புறம் அடுத்த முறுக்கு. "இது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

சுர்ர்ர்ர்.

"என்ன சொல்றாரு?"

"பக்கத்துல யாருன்னு கேட்டாரு. உங்கம்மாதான்னு சொன்னேன். அப்படியே அடியில போயிட்டாரு."

சிரிக்காதடி, இது சிரிக்கிற கதை இல்ல.

அடுத்து யாரு வரப்போறாங்கன்னு பாக்குற ஆசையிலயே கை தானா ஓடும். கூடை நிறையுறது கூடத் தெரியாது. முறுக்கும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. மூக்கு நீண்ட அத்தைன்னா ஒரு சுழி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். தொப்பைக்காரருன்னா நடுவுல குண்டா இருக்கும். சந்தையில பிள்ளைங்க அதைத்தான் தேடி எடுக்கும். இதுல யாருக்கு என்ன நஷ்டம், நீயே சொல்லு.

பூவாயி வீட்டுல அவளை வேலை ஏவத்தான் வாயைத் திறப்பாங்க. பழனாயி பக்கத்துல உக்காந்திருக்கிற நேரம்தான் அவளுக்கு நேரம். அந்தக் கொட்டகையை விட்டா ஊர்ல வேற வேலையும் கிடையாது. அது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

ஒருநாள் சரக் சரக்னு செருப்புச் சத்தம். முதலாளி பின்னால வந்து நின்னாரு. இவங்க பாக்கல. எண்ணெயில ஒரு தொப்பை முறுக்கு மிதக்குது. பழனாயி காதைச் சாய்ச்சுக்கிட்டு சொல்றா, "நம்ம முதலாளிதான். வெந்துக்கிட்டே, ஏன் கை நின்னுச்சுன்னு கேக்குறாரு."

முதலாளிக்கு முகம் கறுத்துப்போச்சு. "வேலை செய்யுற இடத்துல என்ன கூத்து இது? இனிமே சத்தம் வரக் கூடாது."

வரல. சத்தமே வரல. அடுப்பு மட்டும் பொறு பொறுன்னு எரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் பூவாயிக்கு விரல் எரியுறது தெரிஞ்சுது. பழனாயிக்குக் கண்ணைச் சொருகுச்சு. முறுக்கு மளுக் மளுக்குனு உடைஞ்சுது, கருகுச்சு. சாயங்காலம் கூடையில பாதி காலி. தூங்கிட்டியா?

"ம்ம். இல்ல."

அப்போ முதலாளி யோசிச்சாரு. ஓகோ, விளையாண்டாத்தான் வேலை ஓடுது போல. உடனே ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து நடுவுல போட்டு உக்காந்தாரு. "சரி, விளையாடுங்க. ஆனா மரியாதையான பேரா சொல்லணும். பழம், பூ, இப்படி."

பூவாயி முறுக்கை நீட்டுனா. பழனாயி கேட்டா, "இது யாரு?"

"மாம்பழம்."

சுர்ர்.

"என்ன சொல்லுது?"

"இனிப்பா இருக்காம்."

முதலாளி மட்டும் ஹெஹ்ஹேன்னு சிரிச்சாரு. "பாத்தீங்களா, எவ்வளவு நல்லா இருக்கு. ம், அடுத்தது." பலாப்பழம் போச்சு, கொய்யாப்பழம் போச்சு. கை நகரவே இல்ல. மேல ஒருத்தர் உக்காந்து சிரி சிரின்னா அது எப்படி விளையாட்டாகும்? அதுவும் ஒரு வேலைதான? ஒரு வேலைக்கு ரெண்டு வேலையா வாங்கிட்டு, பேரு மட்டும் விளையாட்டாம். எனக்கு வர்ற கோவத்துக்கு... சரி, நீ படு. போர்வையை இழுத்துக்கோ.

அப்புறம் மூணாவதா ஒரு யோசனை வந்துச்சு அவருக்கு. "விளையாட்டுன்னா ஜெயிக்கிறது தோக்குறது இருக்கணும். அதான் உங்களுக்கு வேகம் வரல. நாளைக்கு ஆளுக்கொரு அடுப்பு. தனித்தனியா சுத்தி, தனித்தனியா சுட்டு எடுங்க. யாரு கூடையில முறுக்கு அதிகமோ அவ இருக்கட்டும். மத்தவ வீட்டுக்குப் போகட்டும்."

வெளிய வந்ததும் பழனாயி பூவாயி கையைப் பிடிச்சா. "இவரு பேச்சைக் கேட்டு நாம ஓட வேண்டாம் பூவாயி. ரெண்டு பேரும் மெதுவா, ஒரே மாதிரி போவோம். சமமா இருந்தா யாரை அனுப்புவாரு?"

"சரி பழனாயி," ன்னா பூவாயி.

மறுநாள் போய்ப் பாத்தா ரெண்டு அடுப்புக்கும் நடுவுல சாக்குப் படுதா தொங்குது. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பாக்க முடியாது. எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேக்கும்.

இந்தப் பக்கம் சுர்ர். அந்தப் பக்கம் சுர்ர். சரியாத்தான் போச்சு. அப்புறம் அந்தப் பக்கம் சுர்ர் சுர்ர்னு ரெண்டு சேர்ந்தாப்புல கேட்டுச்சு. பூவாயிக்குத் திக்குன்னுச்சு. நிஜமாவே ரெண்டா, இல்ல காதுல அப்படி விழுந்துச்சா? யாரைக் கேப்பா? பேசக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரே.

கையை ஓட்டிப் பாத்தா. ஓடல. மனசுக்குள்ள மாமியாரைப் போட்டா. வீட்டுக்காரரைப் போட்டா. முதலாளியையே போட்டா. எல்லாம் பழசு, கை அசையல. மறுபடி அந்தப் பக்கம் சுர்ர் சுர்ர். அப்போ ஒரு முறுக்கு சுத்தி, இது யாருன்னு தன்னைத்தானே கேட்டுக்கிட்டா.

பழனாயி.

சுர்ர்ர்ர்.

என்ன சொல்றான்னு கேக்கல. கேட்டா கை நின்னுரும். அடுத்ததும் பழனாயி. அதுக்கடுத்ததும் பழனாயி. சுர்ர், சுர்ர், சுர்ர். அவ்வளவு வேகமா அவ கை என்னைக்குமே ஓடுனதில்ல. மகிழி?

"ம். பூவாயி ஜெயிச்சாளா?"

ஜெயிச்சா. அவ கூடையிலதான் முறுக்கு அதிகம். முதலாளி பழனாயியைப் போகச் சொல்லிட்டாரு.

பழனாயி வாசல்ல நின்னு முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டிருந்தா. பூவாயி பக்கத்துல போனா.

"கடைசியில யாரைப் போட்ட?" பழனாயிதான் கேட்டா.

பூவாயி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"நானும் உன்னைத்தான் போட்டேன்," ன்னா பழனாயி. "போட்டுட்டு, நீ என்ன சொல்றேன்னு கேக்க நின்னுட்டேன். அங்கதான் பிந்திட்டேன்."

பூவாயி கேட்டா, "நான் என்ன சொன்னேன்?"

"சத்தம் அடங்குற வரைக்கும் காதை வச்சுக் கேட்டேன் பூவாயி. நீ ஒண்ணுமே சொல்லல."

சொல்லிட்டு நடந்து போயிட்டா.

"அப்புறம் முதலாளிக்கு என்ன ஆச்சு சித்தி?"

ஒண்ணும் ஆகல. மறுநாள் பூவாயி வேலைக்குப் போனா, அவரும் வந்தாரு. எனக்கும் பிடிக்கலடி, ஆனா அப்படித்தான் ஆச்சு. எண்ணெய் ஆறிடுச்சு, கதையும் ஆறிடுச்சு. கண்ணை மூடு.