தார்ப்பாய்க்குக் கீழே இருந்த காளான் உரம்

மலைச்சரிவில் ஒரு மடம். காளான் வளர்த்து விற்றுத்தான் அங்கே அடுப்பு எரிந்தது. குருவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடர் குழந்தைவேலு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆயுள் முழுக்கப் பிறருக்குச் சொல்லியே பழகியவர். கேட்டுக்கொள்வது அவருக்குக் கொஞ்சம் சிரமம். குரு அவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேலுவின் மகள் அரசி மடத்துக்கு வந்தாள். அப்பா சம்மதிக்காத கல்யாணம் செய்துகொண்டு போனவள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. இப்போது கையில் ஒரு பிள்ளை. தாத்தாவிடம் காட்ட வந்திருந்தாள்.

குழந்தைவேலு பேசினார். இத்தனை வருஷமும் பேசாததை எல்லாம் பேசினார். பிள்ளை சாப்பிட்டு முடிக்கவில்லை. அப்படியே அதற்கு வாயைத் துடைத்துவிட்டு, தூக்கிக்கொண்டு அரசி கிளம்பிவிட்டாள்.

அவர் குருவிடம் வந்தார்.

"நான் சொன்னதுல ஒரு பொய் உண்டா, சாமி?"

"இல்லை."

"அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"நல்லதுக்குத்தான்."

"பின்னே ஏன் போயிட்டா?"

"கத்தரிப் பாத்தியைப் பாத்தீங்களா?" என்றார் குரு.

குழந்தைவேலு பார்க்கவில்லை. இருவரும் போனார்கள். போன வாரம் குழந்தைவேலு தன் கையால் நட்ட நாற்றுகள். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. சில நாற்றுகள் தரையோடு சாய்ந்து கிடந்தன.

"காளான் உரம்தானே போட்டேன்" என்றார் அவர். "ஒவ்வொரு நாத்துக்கும் கை நிறையப் போட்டேன்."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

அவர் காளான் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். காளான் பறித்து முடிந்த வைக்கோல் படுக்கைகளை உரத்துக்காக உதிர்த்துக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்து மூடியிருந்தார். ஒரு சொட்டு மழை இறங்காது. அதில் அவருக்குப் பெருமை.

குரு தார்ப்பாயை விலக்கினார். குவியலின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நாக்குல வச்சுப் பாருங்க."

அவர் துளி எடுத்து வைத்தார். துப்பினார்.

"உப்பு."

"புது உரத்துல உப்பு இருக்கும். ஒரு மழைக்காலம் திறந்து கிடந்தா கரைஞ்சு போயிடும்."

"சத்தும் போயிடுமே, சாமி."

"கொஞ்சம் போகும். மிச்சம் போதும் செடிக்கு."

"இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே?"

"தார்ப்பாயை எடுங்கன்னு சொன்னேன். நீங்க எனக்குச் சத்தைப் பத்திப் பாடம் எடுத்தீங்க."

குழந்தைவேலு அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"நானும் ஒண்ணையும் கரையவிடலை, சாமி. அவ போன நாள்லேருந்து ஒரு வார்த்தை விடாம உள்ளே வச்சிருந்தேன்."



அவர் எழுந்து, மீதித் தார்ப்பாயையும் இழுத்து அப்பால் போட்டார்.

"மழை பெய்யட்டும். எல்லாம் கரைஞ்சு போகட்டும். அப்புறம் சரியாயிடும் இல்லையா?"

"உரம் சரியாயிடும், வாத்தியாரே" என்றார் குரு. "அப்போ அதைப் போடறதுக்கு இந்த நாத்து இருக்காது."