மிதக்கும் பை

"இந்தப் பை வந்துட்டா இவங்களுக்குப் பாலம் எதுக்கு?" என்று இன்ஜினியர் சக்கரபாணி ஜீப் டிரைவரிடம் சொன்னது, கரையோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த செவந்தியின் காதில் விழுந்தது.

பிள்ளைகள் பரிசலேறி, பாட்டுப் பாடிக்கொண்டே அக்கரைப் பள்ளிக்கூடம் போன காலம் அது. செவந்தியின் மகனும் அதில்தான் போனான். ஊரார் பாலம் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக, பரிசல் கவிழ்ந்தாலும் பிள்ளையை மிதக்கவைக்கும் புத்தகப்பையைச் சக்கரபாணி செய்து கொண்டுவந்திருந்தார். வேடிக்கை பார்க்கத் தன் மகளையும் கூட்டி வந்திருந்தார்.

"இதுல யாராவது ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்! இல்லைன்னா பாலத்தை மறந்துடுங்க" என்று கரையில் கூடியிருந்த ஊராரிடம் சவால் விட்டார். ஊரார் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

செவந்தி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குறையே இல்லீங்க சார். ஆனா எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. புதுப் பரிசல் கட்டினவரு, மொதல்ல தன் பிள்ளைய ஏத்தித்தான் ஆத்தைத் தாண்டுவாரு. அப்புறந்தான் ஊர்ப் பிள்ளைங்க ஏறும்."

"வா அம்மிணி" என்று சக்கரபாணியின் மகளுக்குப் பையை மாட்டிவிட்டாள். சிறுமி குதூகலமாகப் பரிசலை நோக்கி ஓடினாள்.

சக்கரபாணி பாய்ந்துபோய் மகளின் கையைப் பிடித்தார். "ஐயோ, தண்ணி இழுக்குதே!"

"தெனமுந்தான் இழுக்குதுங்க" என்றாள் செவந்தி.

சக்கரபாணி மகளின் முதுகிலிருந்து பையைக் கழற்றினார். பிறகு ஜீப்பிலிருந்து அளவுநாடாவை எடுத்து, ஒரு முனையைப் பரிசல்காரரிடம் கொடுத்து அக்கரைக்கு அனுப்பினார்.