நீர்நாய் எழுதிய முதல் வரி

கருவேலங்காட்டுக் குளத்தின் கரை இரண்டு வருஷமாக மழைக்கு மழை உடைந்தது. இந்த வருஷமும் உடைந்தால் கோடையில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

கரைவேலைக்குத் தலைவர் காட்டெருமை. "எவன்டா செய்தது?" என்று அது கத்தினால் குளத்துத் தவளைகூட வாயை மூடிக்கொள்ளும். உடைந்தபோதெல்லாம் யாராவது ஒருவரைப் பிடித்துக் காட்டைவிட்டே துரத்தியது. கரை என்னவோ உடைந்துகொண்டுதான் இருந்தது.

மலைமேல் இருந்த மேட்டுக் குளத்தின் கரையோ பன்னிரண்டு வருஷமாக அசையவே இல்லை. அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ளக் காட்டெருமை மலையேறியது.

அங்கே தலைமை ஒரு நீர்நாய்க்கு. காட்டெருமையின் முழங்கால் உயரம்கூட இல்லை! 'இதுவா தலைவி?' என்று காட்டெருமை மனதுக்குள் சிரித்துக்கொண்டது.

"ரகசியமெல்லாம் ஒன்னுமில்லைண்ணே! நடந்த தப்பை எழுதி வைப்போம். மழைக்கு முன்னாடி எல்லாரும் உட்கார்ந்து படிப்போம்," என்று நீர்நாய் ஒரு பாறையைக் காட்டியது.

பாறை முழுக்க நகத்தால் கீறிய எழுத்துகள். காட்டெருமை படித்தது.

'நண்டு வளையை மண்ணால் அடைத்தோம். கசிந்தது. இனிமேல் களிமண்.'

'மதகில் சருகு அடைத்துக்கொண்டது. இனித் தினமும் காலையில் ஒருவர் பார்க்க வேண்டும்.'

அம்மாடி, எத்தனை தவறுகள்! தேடித் தேடிப் பார்த்தும் யாரையும் திட்டி ஒரு வரி இல்லை. தவறு செய்தவர் என்று பாறையில் இருந்தது ஒரே ஒரு பெயர். அதுவும் முதல் வரியில்.

'ஆமை எச்சரித்தது. நான் கேட்கவில்லை. கரை போய்விட்டது. இப்படிக்கு, நீர்நாய்.'

காட்டெருமை அந்த வரியை மறுபடியும் படித்தது. "தலைவியே இப்படி எழுதலாமா? அப்புறம் யார் மதிப்பாங்க?"

"இதை எழுதின பிறகுதாண்ணே மத்தவங்க வாயைத் திறந்தாங்க!"

அந்தச் சின்ன உருவம் இப்போது காட்டெருமையின் கண்ணுக்கு மலைபோலத் தெரிந்தது.

காட்டெருமை தன் காட்டுக்குத் திரும்பியபோது மேகம் கருத்திருந்தது. பாறையில் படித்ததையெல்லாம் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தது. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே ஒரு பாறையில் கொம்பால் கீறியது.

'கரை உடைந்ததும் காரணத்தை நான் தேடவில்லை. ஆளைத் தேடினேன். இப்படிக்கு, காட்டெருமை.'

கூட்டத்திலிருந்து ஒரு பெருச்சாளி தயங்கித் தயங்கி முன்னால் வந்தது.

"தலைவரே... மேற்குக் கரைக்கு அடியில நான் வளை தோண்டிட்டேன். ஒரு வாரமாத் தண்ணி கசியுது. சொன்னா துரத்திடுவீங்கன்னு..."

எல்லோரும் தலைவரின் கொம்பையே பார்த்தார்கள்.

"நல்லவேளை சொன்னே! எந்த இடம்? ஓடு, காட்டு!"

எல்லோருமாகச் சேர்ந்து களிமண் மிதித்து வளையை அடைத்தார்கள். மூன்று நாள் மழை கொட்டியது. தண்ணீர் கரையின் விளிம்புவரை ஏறியது. கரை நின்றது! தன் அத்தனை பலத்தாலும் காக்க முடியாத குளத்தை ஒரு பெருச்சாளியின் நாலு வார்த்தை காத்துவிட்டதே என்று காட்டெருமை வியந்து வியந்து பார்த்தது.

தன் தவறை முதலில் சொல்லும் தலைவனிடம்தான் மற்றவர்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்வார்கள்.