பேசியவர்கள் பட்டியல்

மலை ஆசிரமத்தில் தாணுமூர்த்தி சீடராகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மௌனத்தைப் பற்றி மூன்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தடவையாவது அதைப் பேசிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. குருவம்மா சரி என்று சொன்னபாடில்லை.

குருவம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. அந்தக் கணக்கு அவர் மனதை அவ்வப்போது லேசாக உறுத்தும்.

"நான் எப்பம்மா பேசலாம்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர் லீவாம். ஒரு வாரத்துக்கு ஆள் கேக்கறாங்க. ஏழாம் வகுப்பு. போயிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்."

ஏழாம் வகுப்புதானே என்று தாணுமூர்த்தி இறங்கிப் போனார். ஏழாம் வகுப்புக்குள் கால் வைக்காதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

திங்கட்கிழமை மாலை சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"பேர் கேட்டேன்மா. நாலு பசங்க கோகுல்னு சொல்றாங்க. கடைசியில பார்த்தா நிஜ கோகுல் இன்னைக்கு வரவே இல்ல."

"நீங்க உங்க பேரைச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சார் என்று கூப்பிட்டால் போதாதா என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பெயரைச் சொன்னார். புதன்கிழமை ஒரே சமயத்தில் பதினொரு பேருக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. வியாழக்கிழமை, "டீச்சர் இந்தப் பீரியட்ல எங்களை விளையாட விடுவாங்க சார்" என்று நாற்பது பேரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அவரும் நம்பினார். தலைமையாசிரியர் மைதானத்துக்கே வந்து, பிள்ளைகளோடு அவரையும் சேர்த்து உள்ளே விரட்டினார்.

வெள்ளிக்கிழமை ஒரு முடிவோடு போனார். வகுப்பு லீடர் விசாலினியைக் கூப்பிட்டார். வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் வேலை. மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும்.

"நல்லாக் கவனிச்சு எழுதும்மா. யாரா இருந்தாலும் விடாதே" என்றார். அவளைப் பலகையோரம் நிறுத்திவிட்டு, நோட்டைப் பிரித்து மௌனத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

வகுப்பு கப்சிப். ஒரு பிள்ளைகூட இமைக்கவில்லை. எல்லாக் கண்களும் அவர் பக்கமே இருந்தன. நாற்பது நிமிஷம் மடை திறந்தாற்போலப் பேசினார். நாம் பிறந்ததே இதற்குத்தான் என்று தோன்றி அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி அடித்தது. திரும்பிப் பார்த்தார்.

பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு பெயர்: தாணுமூர்த்தி சார். பெருக்கல் குறிகள் பலகையின் ஓரம்வரை போய், அங்கே இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன.

மலையேறும்போது அவருக்கு ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வந்தன.

"நியாயமாம்மா இது?"

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"அழின்னு சொன்னேன்."

"அழிச்சாளா?"

"அதுக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"நல்லாச் சிரிங்க. இனிமே ஞாயித்துக்கிழமைப் பேச்சை நான் மறந்துட வேண்டியதுதான்."

"யார் சொன்னா? இந்த ஞாயித்துக்கிழமை நீங்கதான் பேசறீங்க."

தாணுமூர்த்தியால் தன் காதையே நம்ப முடியவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் பேசலாம்மா?"

"அது உங்க இஷ்டம்" என்றார் அம்மா. "அந்த லீடர் பொண்ணையும் வரச் சொல்றேன். நம்ம பலகை பெரிசுதான்."