கொண்டையன் காட்டிய வளை

மலைச்சரிவில் ஒரு காடு இருந்தது. அதில் பாதியை ரப்பர் தோட்டம் போட வெட்டிவிட்டார்கள். அங்கே வாழ்ந்த அலங்குகளில் சில மட்டும் உயிர் பிழைத்து, மிச்சக் காட்டுக்குள் வந்து ஒண்டிக்கொண்டன.

அலங்கு சாதுவான பிராணி. உடம்பெல்லாம் செதில். கறையானைத் தின்னும், பகலில் வளைக்குள் தூங்கும். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையே கடித்துப் பார்த்துவிட்டுப் பல் வலியோடு திரும்பிப் போகும்!

அந்தக் காட்டில் கொண்டையன் என்றொரு குரங்கு இருந்தான். ஒரு நாள் காலை, மண்வெட்டியும் சாக்குமாக இரண்டு பேர் அவனிடம் வந்தார்கள். அவர்கள் வந்தது அது மூன்றாம் முறை.

"குரங்கண்ணே! இன்னொரு அலங்கு வளையைக் காட்டுங்கள். சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம்!" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினார்கள்.

"அதோ, அந்த வேங்கை மரத்தடியில்!" என்றான் கொண்டையன்.

மற்ற நாட்களில் பழத்தோடு மர உச்சிக்கு ஓடிவிடுவான். அன்று நல்ல பசி. கீழ்க்கிளையிலேயே உட்கார்ந்து தின்றான்.

மண்வெட்டி விழுந்தது. வளை பிளந்தது. உள்ளே செதிலி என்ற தாய் அலங்கு, குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தாள். அந்த ஆட்கள் கடிக்கவில்லை, அடிக்கவில்லை. பலாப்பழத்தைத் தூக்குவதுபோலத் தூக்கிச் சாக்கில் போட்டார்கள்!

"செதிலுக்கு ஒரு விலை, கறிக்கு ஒரு விலை!" என்று சிரித்தான் ஒருவன். சாக்கைக் கட்டி வைத்துவிட்டு இருவரும் ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கினார்கள்.

கொண்டையன் பழத்தைக் கீழே போட்டான். 'பார்க்க மட்டும்தானே கேட்டார்கள்!' இறங்கி வந்து சாக்கின் முடிச்சை அவிழ்த்தான்.

"செதிலி! எழுந்து ஓடு!"

"மாட்டேன்! சுருண்டிருந்தால்தான் உயிர்!"

"ஐயோ, சுருண்டிருந்தால்தான் சாவு! வந்திருப்பது சிறுத்தை இல்லை, மனிதன்!"

அவள் அசையவில்லை. ஓடைப் பக்கம் பேச்சுக்குரல் நெருங்கியது. கொண்டையன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பந்தைச் சரிவில் உருட்டிவிட்டான். அது உருண்டு உருண்டு ஈச்சம்புதருக்குள் மறைந்தது. வந்தவர்கள் வெறும் சாக்கைப் பார்த்துத் திட்டிக்கொண்டே தேடினார்கள், கிடைக்காமல் போய்விட்டார்கள்.

புதருக்குள் செதிலி மெல்ல விரிந்தாள். குட்டி மூச்சுவிட்டது.

"என் வளை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"நான்தான் காட்டினேன்" என்றான் கொண்டையன், தலையைக் குனிந்து.

"வேறு எதைக் காட்டினாய்?"

"ஓடைக்கரையில் ஒன்று... பாறைக்கடியில் ஒன்று..."

செதிலி குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஓடைக்கரையில் இருந்தது என் அக்கா. பாறைக்கடியில் இருந்தது இந்தக் குட்டியின் அப்பா. இந்தக் காட்டில் இனி அலங்கு என்றால் நாங்கள் இரண்டு பேர்தான்!"

குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு அவள் மலையுச்சிப் பக்கம் நடந்தாள். எந்த இடத்துக்கு என்று சொல்லவில்லை. கொண்டையனும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அந்த மண்வெட்டி ஆட்கள் இரண்டு சீப்புப் பழத்தோடு வந்தார்கள். கொண்டையன் உச்சிக்கிளையில் ஏறி அலறினான். அவன் கூட்டம் முழுவதும் சேர்ந்து அலறியது. அந்தச் சத்தம் கேட்டு, காட்டைச் சுற்றி வந்த வனக்காவலர்கள் ஓடிவர, அந்த இருவரும் சாக்கோடு பிடிபட்டார்கள்.

அற்ப ஆசைக்காக அடுத்தவர் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பவன், அவர் உயிரையே எடுத்துக் கொடுக்கிறான்.