ஒரு பொன் விலையிட்ட ஓலைப்பெட்டி

சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். கடலோர நாடு ஒன்றைச் சத்தம் என்றாலே ஆகாத ராஜா ஒருவர் ஆண்டுவந்தார்.

சந்தையில் விலை பேசுகிற கூச்சல் அவருடைய பகல் தூக்கத்தைக் கெடுத்ததாம். "கையால் செய்து விற்கிற எந்தப் பொருளிலும் விலையை எழுதிக் கட்டித் தொங்கவிட வேண்டும். எழுதிய விலையைக் கொடுப்பவருக்கு மறுபேச்சில்லாமல் பொருளைக் கொடுத்துவிட வேண்டும்" என்று தண்டோரா போடச் சொன்னார். அன்றிலிருந்து பானை, பாய், கூடை எல்லாவற்றிலும் பனையோலையில் எழுதிய விலைச்சீட்டு தொங்கியது. ராஜா நிம்மதியாகத் தூங்கினார். அவருக்கென்ன, பேச்சுத் துணைக்கு அரண்மனை நிறைய ஆட்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளையம்மை என்றொருத்தி ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. அக்கம்பக்கம் வீடும் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை கூடுகிற சந்தைக்கு வந்தால்தான் மனித முகத்தையே பார்ப்பாள். யாராவது தன்னிடம் நாலு வார்த்தை பேச மாட்டார்களா என்று ஏங்கினாள்.

முதல் சந்தையில் பெட்டிக்கு ஒரு காசு என்று எழுதினாள். மலிவு என்று கூட்டம் மொய்த்தது. காசைப் போட்டார்கள், பெட்டியை எடுத்தார்கள், போனார்கள்.

அடுத்த சந்தையில் இரண்டு காசு என்று எழுதினாள். அதுதான் நியாயமான விலை. காசைப் போட்டார்கள், பெட்டியை எடுத்தார்கள், போனார்கள். ஒருவரும் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் சந்தையில் அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு பொன் என்று எழுதித் தொங்கவிட்டாள். ஒரு பொன்னுக்குக் கன்றோடு பசுமாடே வாங்கலாம்!

அந்தக் கூத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றார்கள். சிரித்தார்கள், திட்டினார்கள், சண்டைக்கு வந்தார்கள். வெள்ளையம்மை வாய் ஓயாமல் பதில் சொன்னாள். ஒரு பெட்டியும் விற்கவில்லை. ஆனாலும் அன்று அவள் சந்தோஷமாக ஓடமேறினாள். வயிற்றுப்பாட்டுக்குக் கொல்லையில் கீரையும் கிழங்கும் இருந்தன.

நாளாக ஆக எல்லாருக்கும் அது சலித்துப்போயிற்று. ஒருத்தி மட்டும் விடவில்லை. வெள்ளையம்மை வயதுதான் இருக்கும். ஒவ்வொரு சந்தைக்கும் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிவப்பு வரி போட்ட பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சியே இல்லையா? ரெண்டு காசுக்குக் குடு."

"ஒரு பொன்னுல ஒரு காசு குறையாது தாயி. பின்னலப் பாத்தியா? தண்ணி ஊத்தினாலும் ஒழுகாது."

"பாத்தேன், பாத்தேன். சரி, மூணு காசு."

பொழுது சாயும் வரை இப்படியே போகும். கடைசியில் பெட்டியை வைத்துவிட்டு, "அடுத்த சந்தைக்காவது வெலையக் கொறைச்சு வை" என்று எழுந்து போவாள். அடுத்த அமாவாசை வரை வெள்ளையம்மை அந்தப் பேச்சையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்வாள்.

ஒரு சந்தையில் தூர தேசத்து வணிகன் ஒருவன் வந்தான். விலைச்சீட்டைப் பார்த்தான். இவ்வளவு விலை என்றால் இது லேசுப்பட்ட பெட்டியாக இருக்காது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். பெட்டிக்கு ஒரு பொன்னாகப் பாயில் போட்டுவிட்டு, அத்தனையையும் வண்டியில் ஏற்றச் சொன்னான்.

"ஐயா, வேண்டாங்க! இது விக்கிறதுக்கு இல்லீங்க!" என்று வெள்ளையம்மை பதறினாள்.

"அப்ப சீட்டு எதுக்குக் கட்டினே? எழுதின வெலையக் குடுத்துட்டாரு. பேசாம இரு" என்று அதட்டினான் சந்தைக் காவலன். வண்டி போய்விட்டது.

சற்று நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். வெறும் பாயைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"வித்துப் போச்சா?"

"போச்சு."

"அந்தச் செவப்பு வரிப் பெட்டியுமா?"

"அதுவும்தான்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போகட்டும். பெட்டிய வாங்கி நான் என்னத்தப் போட்டு வைக்கப் போறேன். வீட்டுல நான் ஒருத்திதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

'உக்காரு' என்று ஒரு வார்த்தை வெள்ளையம்மையின் தொண்டை வரை வந்தது. விலையைத் தவிர வேறு எதையும் பேசிப் பழகாத வாய், அதைச் சொல்லத் தயங்கியது. அதற்குள் அவள் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

அடுத்த அமாவாசைக்கு வெள்ளையம்மை விடியும்போதே வந்து காத்திருந்தாள். அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. மூன்றாவது சந்தையிலும் அவளைக் காணாததால், மனசு பொறுக்காமல் பக்கத்து வளையல்காரரிடம் போனாள்.

"அண்ணே, எங்கிட்ட வெலை பேச வருமே ஒரு அம்மா, அதப் பாத்தீங்களா?"

"எந்த ஊரும்மா? பேரு என்ன, சொல்லு. விசாரிச்சுப் பாக்கறேன்."

வெள்ளையம்மைக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை சந்தை, எத்தனை பேச்சு! ஊரைக் கேட்கவில்லை, பேரைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுகூட ஒரு நாளும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: மனசுக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்காமல் விலைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், விலைதான் கைக்கு வரும், வேண்டியது வராது.