ஆறாவது கோழி

கொல்லிமலை அடிவாரத்தில் மருதம்மை என்றொரு துறவி மடம் வைத்திருந்தார். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் வாழை. அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் சென்னியப்பன் மட்டும் அவரைவிட மூத்தவர். தலை நரைத்தவர்.

சென்னியப்பன் முன்பு தீவனக் கம்பெனி லாரி ஓட்டினார். பண்ணை பண்ணையாக மூட்டை இறக்கினார். கம்பிக் கூண்டுக்குள் இறக்கையை விரிக்கவும் இடமில்லாமல், முட்டையிட்டே காலத்தைக் கழிக்கும் கோழிகளைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோழிகளைக் கூண்டிலிருந்து தரைக்கு இறக்க வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு அது ஒன்றுதான் வேலை.

பண்ணைக்காரர்கள் மேல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். கல்லூரி விடுதிகளுக்கு நடையாக நடந்தார். ஒரு விடுதியில், இனித் தரையில் வளரும் கோழியின் முட்டையைத்தான் வாங்குவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வார்டன் மாறினார். மறுபடி கூண்டு முட்டையே வந்தது. ஊரில் அவரைக் கோழி வக்கீல் என்றார்கள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். பிறகு சிரிப்புப் போய் அதுவே பெயராக நின்றுவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் அவர் மடத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றவே வெகுநேரம் ஆயிற்று.

"பொன்னுரங்கம் சமாதானத்துக்கு வந்திருக்காரும்மா" என்றார். பொன்னுரங்கம் அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். "கூண்டுக்கு அஞ்சு கோழி இருக்குதில்ல, அதை நாலாக் குறைச்சுக்கறாராம். பதிலுக்கு நான் வழக்கை வாபஸ் வாங்கணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். போட்டுட்டு இங்கேயே வந்துடறேன். வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டுக் கிடக்கறேன். போதும்மா எனக்கு. நான் செய்யறது சரிதானுங்களே?"

மருதம்மை எழுந்து உள்ளே போனார். இலை போட்டுச் சோறு வைத்தார். பாதிச் சோற்றிலேயே சென்னியப்பனுக்குக் கண் செருகியது.

விடிந்ததும் மருதம்மை சொன்னார்: "வாங்க, பொன்னுரங்கத்தைப் பார்த்துட்டு வரலாம்."

பண்ணை வாசலிலேயே எருவின் நெடி கண்ணைக் கரித்தது. பொன்னுரங்கம் எழுந்து வந்து கும்பிட்டார். மடத்து வாழைக்கு எரு அனுப்புகிறவர் அவர்தான்.

"உட்காருங்கம்மா. காப்பி சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க. நாலு கோழி இருந்தாக் கூண்டு எப்படி இருக்கும்னு பார்க்க வந்தோம்."

ஷெட்டுக்குள் கூண்டுகள் கண்ணுக்கு எட்டிய மட்டும் மூன்றடுக்காகப் போயின. பொன்னுரங்கம் ஒரு கூண்டைத் திறந்து, ஒரு கோழியை வெளியே எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

உள்ளே இருந்த நாலும் அசையவில்லை. ஐந்தாக இருந்தபோது நின்ற மாதிரியே நெருக்கியடித்து நின்றன. காலியான இடம் காலியாகவே கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோழி அந்த இடத்தில் காலை வைத்தது. மெல்ல ஒரு சுற்றுத் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று காலை மடக்கி உட்கார்ந்தது.

சென்னியப்பன் கம்பியருகே நெருங்கிப் போனார்.

"பார்த்தீங்களா" என்றார் பொன்னுரங்கம். "நானும் ஈரமில்லாதவன் இல்லீங்க. முட்டைக்கு விலை வைக்கறது நான் இல்லை. என்னால இவ்வளவுதான் முடியும்."

சென்னியப்பனின் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

"உங்க கையில இருக்கறது?" என்று கேட்டார் மருதம்மை.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். கோழியை வைத்திருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இதுங்களா? புதுக் கூண்டு வர்ற வரைக்கும் பக்கத்துலதான் போட்டு வைக்கணும்."

பக்கத்துக் கூண்டைத் திறந்தார். அதில் ஏற்கெனவே ஐந்து இருந்தன. கோழியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அதற்குத் தரை எட்டவில்லை. மற்றவற்றின் முதுகின்மேல், மேல்கம்பியில் தலை இடிக்கக் கழுத்தை வளைத்து நின்றது. சற்று நேரம் கூச்சலாக இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

பொன்னுரங்கம் அந்தக் கூண்டைப் பார்க்கவில்லை.

"அப்ப கையெழுத்துப் போட வேண்டாங்கறீங்களாம்மா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"நான் அப்படிச் சொல்லலையே. அங்கே ஒண்ணு உட்கார்ந்துச்சு. அதையும்தான் பார்த்தோம்."

"பின்னே நான் என்னதான் செய்யறது?"

சென்னியப்பன் இரண்டு கூண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். பிறகு அவரே போய்ப் பக்கத்துக் கூண்டைத் திறந்தார். பொன்னுரங்கம் தடுக்கவில்லை. ஆறாவது கோழியின் நகம் கம்பியில் மாட்டியிருந்தது. அதைப் பதமாக விடுவித்து வெளியே எடுத்தார்.

"கூண்டுக்கு நாலு, சரி" என்றார். "வெளியே எடுக்கறதைத் தரையில விடணும். வேற கூண்டுல அடைக்கக் கூடாது. வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும்."

"எல்லாத்தையும் நீங்களே கேட்டா எப்படிங்க?"

"கேக்கறேன். முடியாதுன்னீங்கன்னா மறுபடி வர்றேன்."

"வருவீங்கன்னு தெரியும்" என்றார் பொன்னுரங்கம். அவர் குரலும் ஓய்ந்துபோய்த்தான் இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன். அந்தக் கோழியை நீங்களே கொண்டுபோங்க."

இருவரும் வாய்க்கால் கரையோடு திரும்பினார்கள். வெயில் ஏறிவிட்டது. சென்னியப்பனின் கைக்குள் கோழியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் அவர் நின்றுவிட்டார்.

"ஒண்ணு வெளியே வந்துடுச்சு. உள்ளே இருக்கறதை நினைச்சா நடக்கக் கால் வரலைம்மா."

மருதம்மையும் நின்றார்.

"இது எப்பத்தான் முடியும்?"

"தெரியாதுங்க."

"நான் இருந்து பார்ப்பனா?"

மருதம்மை அவர் கையிலிருந்த கோழியைப் பார்த்தார். "பார்க்க மாட்டீங்கன்னுதான் நினைக்கறேன்" என்றார்.

"நீங்க?"

"நானும்தான்."

"அப்புறம் யார்தாம்மா பார்க்கறது?"

"கோழிங்க பார்க்கட்டும்."